காலித் பின் வலீதை உமர் ஏன் பதவியிலிருந்து இறக்கினார்?

கேள்வி இதுதான்: "எந்தப் போரிலும் தோற்காதவர், 'அல்லாஹ்வின் வாள்' என்று நபியவர்களே பட்டம் தந்தவர். அப்படிப்பட்ட காலித் பின் வலீதை கலீஃபா உமர் ஏன் நீக்கினார்? இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே பகை என்கிறார்களே, உண்மையா?"

விரிவாகச் சொல்கிறேன். நபித்தோழர்களின் பெயர்களுக்குப் பின்னால் ஒவ்வொரு இடத்திலும் (ரலி), அதாவது 'அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக' என்று, எழுதவில்லை, சேர்த்தே வாசியுங்கள்.

பகை என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். உமரின் தாய் ஹன்தமா, காலிதின் மக்ஸூம் குலத்துப் பெண். ஆக காலித் உமருக்குத் தாய்வழிச் சொந்தம். சிறுவர்களாக இருந்தபோது இருவரும் மல்லுக்கு நின்றார்கள், காலித் உமரின் காலை முறித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. மேடையில் சொன்னால் ரசிப்பார்கள். ஆனால் பத்தாண்டுகள் ஆட்சி நடத்திய ஒருவரின் கனமான முடிவுக்கு அந்தக் கால் முறிவைக் காரணமாகக் காட்டுவது இருவருக்குமே அநியாயம். உண்மையான காரணம் பொறுப்பு, கணக்கு, கட்டுப்பாடு பற்றியது. அது, அவர் முழுமையாக நீக்கப்பட்ட 638இல் திடீரென முளைத்ததல்ல. காலித் இஸ்லாத்துக்கு வந்த சில மாதங்களிலேயே அதன் முதல் தடம் தெரிகிறது.

மக்ஸூம் குலம் குறைஷியரில் பணமும் செல்வாக்கும் மிக்கது. போர் என்று வந்தால் பாசறைக் கூடாரமும் குதிரைப்படையும் அவர்கள் பொறுப்பு. தந்தை வலீத் பின் முகீரா மக்காவின் பெரும் செல்வந்தர், நபியவர்களை எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர். அபூஜஹ்ல் காலிதுக்குத் தந்தைவழிச் சகோதரன். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்குக் குதிரையும் ஈட்டியும் விளையாட்டுப் பொருள்கள் போலத்தான்.

625இல் உஹதுப் போர். மக்கா படையில் 3,000 பேர்; நபியவர்களுடன் நின்றவர்கள் சுமார் 700 பேர். காலித் மக்கா குதிரைப்படையின் வலப்பக்கத் தலைவர். முஸ்லிம்களின் பக்கவாட்டைக் காக்க ஒரு சிறு குன்றில் 50 வில்லாளிகள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். எங்களைப் பறவைகள் கொத்திப் போவதைக் கண்டாலும் இடத்தை விட்டு நகராதீர்கள் என்பது நபியவர்கள் அவர்களுக்கு இட்ட கட்டளை. அந்தக் குன்றில் ஆள் இருந்தவரை காலிதின் குதிரைகளுக்கு வழி கிடைக்கவில்லை. மக்கா படை உடைந்து ஓடத் தொடங்கியது. வெற்றி கிடைத்துவிட்டது என்று நினைத்த வில்லாளிகளில் பெரும்பாலோர் கனீமத் (போரில் கைப்பற்றிய) பொருள்களைச் சேர்க்கக் கீழே இறங்கினார்கள். தன் பக்கத்துப் படையே சிதறி ஓடும் நேரத்தில் காலித் மட்டும் தன் குதிரைவீரர்களைக் கலையவிடாமல் வைத்திருந்தார். குன்று காலியானதும் சுற்றி வந்து பின்னாலிருந்து பாய்ந்தார். நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா உட்பட சுமார் 70 பேர் ஷஹீதான (இறைவழியில் உயிர்நீத்த) நாள் அது.

பின்னாளில் உலகம் கண்ட காலித் முழுசாக அன்றே அங்கே இருக்கிறார். தோல்வியிலும் பதறாமல் காத்திருப்பது, எதிரி தவறும் ஒரு கணத்தைப் பிடிப்பது, நேராக மோதாமல் பக்கவாட்டில் சுற்றுவது. ஈராக்கிலும் ஷாமிலும் (இன்றைய சிரியாவும் அதைச் சுற்றிய பகுதிகளும்) அவர் செய்ததெல்லாம் இதன் தொடர்ச்சிதான்.

அவரை இஸ்லாத்துக்கு இழுத்தது ஒரு கடிதம். அவருடைய சகோதரர் வலீத், பத்ருப் போரில் கைதியாகி மீட்கப்பட்ட பின் முஸ்லிமானவர். 629இல் நபியவர்கள் உம்ராவுக்காக மக்கா வந்தபோது, அந்தக் காட்சியைப் பார்க்கப் பிடிக்காமல் காலித் ஊரை விட்டு வெளியேறிவிட்டார். நபியவர்கள் "காலித் எங்கே?" என்று விசாரித்ததையும், அவரைப் போன்ற ஒருவருக்கு இஸ்லாம் புரியாமல் போகாது என்று சொன்னதையும் அந்தச் சகோதரர் எழுதி வைத்துவிட்டுப் போனார். எதிரியின் வாயால் தன் அறிவுக்குக் கிடைத்த மதிப்பு காலிதைத் தொட்டது. அதே ஆண்டு, ஹிஜ்ரி 8இன் தொடக்க மாதங்களில், மதீனாவுக்குப் புறப்பட்டார். வழியில் அம்ர் பின் ஆஸும் உஸ்மான் பின் தல்ஹாவும் சேர்ந்துகொண்டார்கள். தன் பழைய எதிர்ப்புக்காகப் பாவமன்னிப்புத் தேடும்படி காலித் கேட்டார். இஸ்லாம் முந்தையதை அழித்துவிடுகிறது என்றார்கள் நபியவர்கள். அப்படியும் எனக்காகத் துஆ செய்யுங்கள் என்று அவர் மீண்டும் கேட்டதாக வருகிறது. உஹதுக் குன்றின் நினைவு அவரை விட்டுப் போயிருக்காது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

சில மாதங்களில் முஃதா. இன்றைய ஜோர்தானில், கரக் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஊர். 3,000 பேர் கொண்ட படை. எதிரே ரோமப் பேரரசின் படையும் அதன் அரபுக் கூட்டாளிகளும், எண்ணிக்கையில் பல மடங்கு. காலித் அங்கே தளபதி அல்ல, சாதாரண வீரர். நபியவர்கள் வரிசையாக நியமித்த மூவரும், அதாவது ஸைத் பின் ஹாரிஸா, ஜஅஃபர் பின் அபீதாலிப், அப்துல்லாஹ் பின் ரவாஹா, ஒருவர் பின் ஒருவராகக் கொடியோடு வீழ்ந்தார்கள். ஸாபித் பின் அக்ரம் கொடியை எடுத்து, அதைக் காலிதிடம் கொடுத்தார். ஸாபித் பத்ருப் போரில் கலந்தவர். காலித் முஸ்லிமாகி நாலு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அந்த இடத்தில் பழைய தகுதியைப் பார்க்காமல், படையைக் காப்பாற்றக்கூடியவர் யார் என்று மட்டும் பார்த்த ஸாபிதின் பெருந்தன்மை அதிகம் பேசப்படுவதில்லை.

அன்று தன் கையில் ஒன்பது வாள்கள் முறிந்தன, ஒரு யமன் வாள் மட்டுமே மிஞ்சியது என்று காலிதே சொன்னது ஸஹீஹான ஹதீஸில் இருக்கிறது. இரவில் அணிகளை இடம் மாற்றி நிறுத்தினார், விடிந்தபோது புது முகங்களைக் கண்ட எதிரி உதவிப்படை வந்துவிட்டதாக நினைத்தான், அந்தத் தயக்கத்தில் படையைப் பத்திரமாகப் பின்வாங்கச் செய்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மதீனா திரும்பிய வீரர்கள் மீது ஜனங்கள் மண்ணை வாரி எறிந்து, "ஓடி வந்தவர்களே" என்று கத்தினார்கள். இவர்கள் ஓடி வந்தவர்கள் அல்லர், மீண்டும் பாய்பவர்கள் என்று நபியவர்கள் திருத்தினார்கள். 'அல்லாஹ்வின் வாள்களில் ஒரு வாள்' என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது இந்தப் போரில்தான். நன்றாகக் கவனியுங்கள்: ஒரு நாட்டைப் பிடித்ததற்காக அல்ல, அழிய இருந்த ஒரு படையை உயிரோடு வீட்டுக்குக் கூட்டி வந்த சமயத்தில் கிடைத்த பட்டம் அது. என்னைக் கேட்டால் அவருடைய ஆகப்பெரிய சாதனையும் அதுதான்.

இனி சங்கடமான பகுதி. பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டினால் உங்கள் கேள்விக்கு விடையே இல்லை.

630இல் மக்கா வெற்றிக்குப் பின், பனூ ஜதீமா குலத்தாரிடம் காலித் அனுப்பப்பட்டார். போரிட அல்ல, அழைப்புப் பணிக்கு. அவர்கள் "இஸ்லாத்தை ஏற்றோம்" என்று தெளிவாகச் சொல்லத் தெரியாமல், "மதம் மாறினோம்" என்ற பொருள்படும் பழைய சொல்லைச் சொன்னார்கள். காலித் அதை ஏற்கவில்லை. கைதிகளைக் கொல்லும்படி உத்தரவிட்டார். படையில் இருந்த அப்துல்லாஹ் பின் உமர், தானும் கொல்ல மாட்டேன், என் தோழர்களும் கொல்ல மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார். செய்தி கேட்ட நபியவர்கள் இரு கைகளையும் உயர்த்தி, "யா அல்லாஹ், காலித் செய்ததிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன்" என்று இருமுறை சொன்னார்கள். பிறகு அலீயை அனுப்பி ஒவ்வொரு உயிருக்கும் தியத் (உயிருக்கு ஈடான இழப்பீடு) கொடுத்தார்கள். நாய் நீர் குடிக்கும் மரப்பாத்திரத்துக்குக்கூட ஈடு கொடுக்கப்பட்டது. ஆனால் காலிதைத் தளபதிப் பொறுப்பிலிருந்து எடுக்கவில்லை. அது வேண்டுமென்று செய்த குற்றமல்ல, அவசரத்தில் எடுத்த தவறான முடிவு என்பது அறிஞர்களின் விளக்கம்.

நபியவர்களின் மறைவுக்குப் பின் இதே போன்ற ஒன்று மீண்டும் நடந்தது. அபூபக்ர் கலீஃபாவானதும் பல குலங்கள் ஜகாத் கொடுக்க மறுத்தன. சிலர் தாங்களும் நபி என்றார்கள். அப்படித் தன்னை நபி என்று சொன்ன துலைஹாவை புஸாகா என்ற இடத்தில் முறியடித்துவிட்டு காலித் தமீம் குலத்தார் பக்கம் திரும்பினார். யர்பூஉ கிளையின் தலைவர் மாலிக் பின் நுவைரா பிடிபட்டுக் கொல்லப்பட்டார். குளிர் இரவு, கைதிகளுக்குக் கணப்பு கொடுங்கள் என்று காலித் சொன்னதை, கொல்லுங்கள் என்ற பொருளுள்ள வேறு வழக்கில் காவலர்கள் புரிந்துகொண்டார்கள் என்பது ஓர் அறிவிப்பு. காலிதே தெரிந்து உத்தரவிட்டார் என்பது இன்னொன்று. மாலிக்கின் மனைவியை அவர் மணந்தது சந்தேகத்தைக் கூட்டியது. அதே படையில் இருந்த அபூகதாதா, மாலிக்கின் ஆட்கள் பாங்கு சொல்லித் தொழுததைப் பார்த்தோம் என்று சொல்லி, கோபத்தோடு மதீனாவுக்கே வந்துவிட்டார்.

இங்கேதான் அபூபக்ரும் உமரும் பிரிகிறார்கள். காலிதின் வாளில் அநியாயம் கலந்துவிட்டது, அவரை நீக்குங்கள் என்றார் உமர். நிராகரிப்பாளர்கள் மீது அல்லாஹ் உருவிய வாளை நான் உறையில் போட மாட்டேன் என்றார் அபூபக்ர். மாலிக்கின் உயிருக்குத் தியத் கொடுத்தார், காலிதைக் கண்டித்தார், பொறுப்பில் விட்டுவைத்தார். ஆக உமரின் கருத்து அவர் கலீஃபா ஆவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. ஒளித்து வைத்து வளர்த்த வஞ்சமல்ல.

யமாமா போரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தன்னை நபி என்று சொல்லிக்கொண்ட முஸைலிமாவை எதிர்த்த அந்தப் போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதானார்கள்; குர்ஆனை ஒரே ஏடாகத் திரட்டும் பணி தொடங்க அந்த இழப்பே காரணம். உஹதில் ஹம்ஸாவைக் கொன்ற வஹ்ஷி, முஸ்லிமாகி வந்து, முஸைலிமாவை ஈட்டியால் வீழ்த்தினார். 633இல் ஈராக். அங்கே எல்லையில் ஏற்கெனவே பாரசீகரோடு மோதிக்கொண்டிருந்த முஸன்னா பின் ஹாரிஸாவோடு சேர்ந்து வலஜா, உல்லைஸ் என்று அடுத்தடுத்து வென்று, ஹீரா நகரம் வரி கட்டச் சம்மதித்துச் சரணடையும்வரை காலித் நிற்கவில்லை.

634இல் ஷாம் பகுதிக்குப் போகச் சொல்லி அபூபக்ரின் உத்தரவு. ஈராக்கிலிருந்து அங்கே போகும் சாதாரண வழி ரோமக் காவல் நிலைகள் வழியாகப் போகும். காலித் தேர்ந்தெடுத்தது குராகிர் முதல் ஸுவா வரையிலான நீரில்லாத பாலை. வழிகாட்டி ராஃபிஉ பின் உமைரா, தய்யி குலத்தவர். தனி ஆள் குதிரையில் போகவே அஞ்சும் வழி என்று எச்சரித்தார். காலித் கேட்கவில்லை. ராஃபிஉ சொன்ன உபாயம் இது: கொழுத்த ஒட்டகங்களைப் பல நாள் தாகத்தில் வைத்து, பிறகு வயிறு முட்டக் குடிக்க வைத்து, அசைபோட முடியாதபடி வாயைக் கட்டிவிட வேண்டும். ஒவ்வொரு தங்கலிலும் சிலவற்றை அறுத்து வயிற்றில் இருக்கும் நீரைக் குதிரைகளுக்குக் கொடுக்க வேண்டும். மனிதர்களுக்குத் தோல்பைகளில் எடுத்த நீர். ஐந்தாம் நாள் நீர் தீர்ந்தது. ராஃபிஉக்கோ கண்நோய், பார்வை சரியாக இல்லை. இன்ன இடத்தில் ஒரு முட்புதர் இருக்கும், தேடுங்கள் என்றார். யாருக்கும் தென்படவில்லை. மறுபடி தேடியபோது, வெட்டப்பட்டு அடிக்கட்டை மட்டும் மிஞ்சிய புதரைக் கண்டு தக்பீர் முழங்கினார்கள். வேரடியில் தோண்ட, ஊற்று வந்தது. விடிந்தபின்தான் ஜனங்கள் இரவுப் பயணத்தைப் பாராட்டுவார்கள் என்ற பொருளில் ஓர் அரபுப் பழமொழி உண்டு. அதைக் காலிதின் பெயரோடு இந்தப் பயணத்தில் சேர்த்துச் சொல்வார்கள். பாதை எது, எத்தனை நாள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ரோமர் எதிர்பாராத திசையில் அவர் தோன்றினார் என்பதில் வாதமில்லை.

634 கோடையில் அஜ்னாதைன் வெற்றி. ஆகஸ்டில் அபூபக்ர் மறைந்தார். உமர் கலீஃபாவானதும் முதல் வேலைகளில் ஒன்றாக, ஷாம் படைகளின் தலைமையைக் காலிதிடமிருந்து எடுத்து, மூத்த நபித்தோழரான அபூஉபைதாவிடம் கொடுத்தார். காரணத்தைக் காட்டும் ஓர் அறிவிப்பு இருக்கிறது. இந்த விஷயத்தின் சாவி அதுதான் என்று நான் நம்புகிறேன். என் அனுமதி இல்லாமல் ஓர் ஆட்டையோ ஒட்டகத்தையோ யாருக்கும் கொடுக்காதே என்று காலிதுக்கு எழுதும்படி உமர் அபூபக்ரிடம் சொன்னார். அப்படியே எழுதப்பட்டது. என் வேலையை என்னிடம் விடுங்கள், இல்லையென்றால் வேலை உங்களோடு இருக்கட்டும் என்று காலித் பதில் எழுதினார். அபூபக்ர் விட்டுவிட்டார். உமர் கலீஃபாவான பின் அதே கடிதத்தை எழுதினார், அதே பதில் வந்தது, அவர் விடவில்லை.

இருவரையும் எனக்குப் புரிகிறது. களத்தில் நிற்கும் தளபதி, உயிரைக் கொடுத்துப் போராடியவனுக்கு அங்கேயே கொடுக்க வேண்டும், இரண்டு கவிதை பாடிய குலத்தலைவனையும் வசப்படுத்த வேண்டும். ஒவ்வொரு ஆட்டுக்கும் மதீனாவுக்கு ஆள் அனுப்ப முடியாது. ஆனால் கலீஃபாவின் பக்கம் நின்று பாருங்கள். ஒரு படை தன் சம்பாத்தியத்துக்கும் பரிசுக்கும் தளபதியின் கையையே பார்க்கப் பழகிவிட்டால், அது அந்தத் தளபதியின் படையாகிவிடும். பக்கத்திலிருந்த ரோமப் பேரரசில் தளபதிகள் படைபலத்தால் அரியணை ஏறிய கதைகள் நூற்றுக்கணக்கில். அப்போது ஆண்டுகொண்டிருந்த ஹிராக்ளியஸே கிளர்ச்சிப் படையோடு வந்து முன்னவரைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தவர்.

நீக்கச் செய்தி வந்தபோது என்ன நடந்தது? அபூஉபைதா உடனே அதை வெளியே சொல்லவில்லை, சண்டை நடுவில் காலிதின் மனம் உடைய வேண்டாம் என்று கொஞ்ச நாள் பொறுத்தார் என்று வருகிறது. அறிந்த பின் காலித் வீட்டுக்குப் போகவில்லை. இந்த உம்மத்தின் (முஸ்லிம் சமுதாயத்தின்) நம்பிக்கைக்குரியவரை உமர் உங்களுக்குத் தலைவராக அனுப்பியிருக்கிறார் என்று படையிடம் சொன்னார். காலித் அல்லாஹ்வின் வாள்களில் ஒன்று என்று நபியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று அபூஉபைதா பதிலுக்குச் சொன்னார். பிறகு நாலு வருடம் ஒருவர் கீழ் ஒருவராக வேலை செய்தார்கள். 636 ஆகஸ்டில் நடந்த யர்மூக், காலிதின் புகழுக்கு உச்சம் என்று எல்லோரும் சொல்லும் போர், அவர் தலைமைப் பதவியில் இல்லாதபோது நடந்தது. போர்த் திட்டத்தையும் குதிரைப்படையையும் அபூஉபைதா அவரிடம் ஒப்படைத்தார். ஆறு நாள் நீண்ட போரில், பின்வாங்கி வந்த ஆண்களைப் பாசறைப் பெண்கள் கூடாரக் கழிகளோடு எதிர்த்து நின்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் காலிதின் குதிரைகள் ரோமக் காலாட்படையை அதன் குதிரைப்படையிலிருந்து பிரித்து, பள்ளத்தாக்கின் விளிம்புவரை தள்ளின. உஹதில் காலிதுக்கு இடப்பக்கம் நின்ற இக்ரிமா, அபூஜஹ்லின் மகன், இந்தக் களத்தில் ஷஹீதானார் என்பது பிரபலமான அறிவிப்பு.

அதன் பின் கின்னஸ்ரீன் பகுதியைக் காலித் வென்றபோது, அல்லாஹ் அபூபக்ருக்கு அருள் செய்யட்டும், மனிதர்களை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார் என்று உமர் மனம் திறந்து சொன்னார். வெறுப்பவர் பேசும் பேச்சா இது?

ஆனாலும் 638இல் இரண்டாம் நீக்கம் வந்தது. இது முழுமையானது. அஷ்அஸ் பின் கைஸ் என்ற குலத்தலைவருக்கு காலித் 10,000 திர்ஹம் பரிசளித்தார் என்ற செய்தி மதீனா சேர்ந்தது. பொதுச் செல்வத்திலிருந்து என்றால் அது மோசடி, சொந்தப் பணம் என்றால் ஊதாரித்தனம், இரண்டில் எதுவானாலும் நீக்குங்கள் என்று உமர் எழுதினார். மக்கள் முன் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்றும் உத்தரவு. மிம்பரில் (பள்ளிவாசல் உரைமேடையில்) இருந்த அபூஉபைதாவுக்கு வாய் எழவில்லை. பிலால்தான் எழுந்தார். ஒரு காலத்தில் மக்காவில் அடிமையாக இருந்த பிலால், மக்ஸூம் குலத்துச் செல்வந்தர் மகனின் தலைப்பாகையைக் கழற்றி, அதனாலேயே அவர் கைகளைக் கட்டி, யார் பணம் என்று கேட்டார். காலித் தடுக்கவில்லை. "என் சொந்தப் பணம்" என்றார். பிலால் கட்டை அவிழ்த்து, தன் கையாலேயே தலைப்பாகையைத் திருப்பிக் கட்டிவிட்டார். நம் தலைவர்களுக்குக் கட்டுப்படுவோம், நம்மவரைக் கண்ணியப்படுத்துவோம் என்றார்.

காலித் மதீனா போய் உமரிடம் நேருக்கு நேர் முறையிட்டார்: நீங்கள் எனக்கு நல்லது செய்யவில்லை. இவ்வளவு செல்வம் எப்படி வந்தது என்று உமர் கேட்டார். கனீமத்தில் என் பங்கு, 60,000க்கு மேல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் இவர். கணக்கிட்டதில் 20,000 கூடுதல். அது பைத்துல்மாலுக்கு (பொதுக் கருவூலத்துக்கு) போனது. நீங்கள் எனக்குக் கண்ணியமானவர், பிரியமானவர் என்று அதே இடத்தில் சொன்ன உமர், எல்லா ஊர்களுக்கும் எழுதினார்: கோபத்தாலோ மோசடியாலோ காலிதை நான் நீக்கவில்லை. மக்கள் அவரிடம் மயங்கிவிட்டார்கள். வெற்றி அவரால் வருகிறது என்று நம்பிவிடுவார்களோ என்று அஞ்சினேன். தருபவன் அல்லாஹ் என்பதை அவர்கள் அறிய வேண்டும். உங்கள் கேள்விக்கு உமரே தந்த பதில் இது. முஸன்னாவை நீக்கிய விஷயத்திலும் இதே காரணத்தை அவர் சொன்னார். கூஃபாவில் ஆளுநராக இருந்த ஸஅத் பின் அபீவக்காஸை நீக்கியபோதும், இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ அல்ல என்று மரணப் படுக்கையில் விளக்கம் கொடுத்தார். காலிதுக்கு மட்டும் விதித்த சட்டமல்ல.

காலிதுக்கு வலிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஷாம் வெண்ணெயும் தேனுமாக ஆனபின் என்னை விலக்கிவிட்டு வேறொருவரை வைத்தார் என்று அவர் மக்கள் முன் குறைப்பட்டது பதிவாகியிருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, பொறுங்கள் அமீரே, குழப்பக் காலம் வந்துவிட்டது என்றார். காலித் சொன்னார்: கத்தாபின் மகன் (உமர்) உயிரோடு இருக்கும்வரை அது வராது. சாம்ராஜ்யங்களைச் சாய்த்த படை தன் பெயரைச் சொன்னாலே எழுந்து நிற்கும் நேரத்தில், மனக்காயத்தோடு ஒரு மனிதர் சொன்ன சொல் அது. அவர் நூறு களங்களில் வாங்கிய வெற்றிகளோடு இதையும் நான் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

நாலு வருடம் கழித்து, 642இல், ஹிம்ஸ் நகரில் இறந்தார் என்பது பெரும்பாலோர் கருத்து. மதீனாவில் என்பாரும் உண்டு. ஹிம்ஸில் அவர் பெயரால் நிற்கும் பள்ளிவாசல் சிரிய உள்நாட்டுப் போரில் 2013இல் பெரும் சேதமடைந்தது. உடம்பில் வாள் வெட்டோ ஈட்டிக் குத்தோ அம்புக் காயமோ இல்லாத ஒரு சாண் இடம் இல்லை, ஆனால் ஒட்டகம் சாவது போல் படுக்கையில் சாகிறேனே என்று அழுதார். அவர் விட்டுச் சென்றவை ஒரு குதிரை, ஆயுதங்கள், ஒரு பணியாள். அது தெரிந்தபோது, அபூஸுலைமானுக்கு (காலிதின் இன்னொரு பெயர்) அல்லாஹ் அருள் செய்யட்டும், நாம் நினைத்தது போல் அவர் இருக்கவில்லை என்றார் உமர். மக்ஸூம் பெண்கள் அழுதபோது, ஒப்பாரிக்குக் கடுமையான எதிரியான அதே உமர், தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டு கூச்சலிடாதவரை அபூஸுலைமானுக்காக அவர்கள் அழட்டும் என்று விட்டுவிட்டார்.

பகை இருந்ததா என்று கேட்டீர்கள். காலித் இறக்கும்போது, தன் வஸிய்யத்தை (மரண சாசனத்தை) நிறைவேற்றும் பொறுப்பை உமரிடம்தான் ஒப்படைத்துவிட்டுப் போனார்.